அப்பாவின் மழைச்சட்டை

ஜனவரி மாதத்தின் ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை அந்தி சாய்ந்த பிறகும் ஓயவில்லை. இரவு 8 மணிக்கு வாசற்கதவின் பூட்டில் சாவி உரசும் ஓசை கேட்டது. ஆனால், கதவு திறக்கவில்லை. மீண்டும் மீண்டும் உரசல் மட்டுமே கேட்டது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் எழுந்து சென்று கதவைத் திறந்தாள். வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். விரல்கள் விறைத்துப்போனதால் அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை.

அவருடைய பிளாஸ்டிக் மழையங்கியிலிருந்து நீர் சொட்டியது. அவர் அதைக் கழற்றியபோது மகள் வியப்படைந்தாள். உள்ளே அணிந்திருந்த பருத்திச் சட்டையும் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மழையங்கி போட்டிருந்தீர்களே, அப்பா! சட்டை எப்படி இவ்வளவு நனைந்தது?"

"தெரியவில்லையம்மா. அங்கியில் கிழிசல் எதுவும் இல்லை. பரவாயில்லை, உடம்பு பழகிவிடும்," என்றார் அப்பா. பேசும்போதே அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதின.

அம்மா துண்டையும் இஞ்சித் தேநீரையும் கொண்டுவந்தார். மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று நாள்கள் அவர் வேலைக்குப் போகவில்லை.

அப்பா உணவு விநியோக வேலை செய்பவர். தஞ்சோங் பகார் பிளாசாவுக்கு அருகிலுள்ள அடுக்குமாடி வீட்டிலிருந்து புறப்பட்டு, மெக்ஸ்வெல் உணவு நிலையத்திலும் சுற்றியுள்ள கடைகளிலும் உணவைப் பெற்று, ராபின்சன் சாலை, ஷென்டன் வே அலுவலகங்களுக்குக் கொண்டுசெல்வார். தொடக்கத்தில் அவர் மின்ஸ்கூட்டரில்தான் சென்றார். 2019ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதற்குத் தடை வந்தது. அதன்பின் அவர் சைக்கிளுக்கு மாறினார். வண்டி மாறியது, ஆனால், மழையங்கி மாறவில்லை.

"ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடும்," என்று அவர் அடிக்கடி சொல்வார். இப்போது மூன்று நாள் வருமானம் போயிருந்தது. அப்பா மீண்டும் மழையில் போகும்போது இப்படி ஆகக்கூடாது என்று மகள் எண்ணினாள். அதற்கு முதலில் ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் குளிரா?

"இது என்ன ஊட்டியா, குளிரில் நடுங்குவதற்கு?" என்று அப்பாவே கேட்டிருந்தார். மகள் அந்தக் கேள்வியைப் பள்ளியில் தன் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டாள்.

"நல்ல கேள்வி," என்றார் ஆசிரியை. "வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களில், ஆசியக் கண்டத்தின் வடபகுதியிலிருந்து குளிர்ந்த காற்று சில சமயம் வலுவாகத் தென்சீனக் கடல்மீது வீசும். அது கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். அப்போது இங்கே நாள்கணக்கில் விடாமல் மழை பெய்யும். வெப்பநிலை 22, 23 டிகிரி செல்சியசுக்கு இறங்கிவிடும்."

"ஆனால், வகுப்பறைக் குளிர்சாதனத்திலும் ஏறக்குறைய அதே வெப்பநிலைதானே, டீச்சர்? இங்கே யாருக்கும் விரல் விறைப்பதில்லையே?"

ஆசிரியை சிரித்தார். "இங்கே நீ உலர்ந்த சட்டையோடு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன் அப்பா நனைந்த சட்டையோடு காற்றை எதிர்த்துப் போகிறார். குளிரை வெப்பமானி மட்டும் முடிவுசெய்வதில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன."

அவர் அதை விளக்கினார். நம் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உடம்பின் சூட்டில் அது வெதுவெதுப்பாகி, ஒரு போர்வைபோல் நம்மைக் காக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். சட்டை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் போர்வை போய்விடுகிறது.

காற்று அடுத்த சிக்கல். ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், மரக்கிளை அசையாத நாளிலும் அவர்மீது அதே வேகத்தில் காற்று மோதும். நனைந்த துணியிலுள்ள நீரை அந்தக் காற்று ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி உடம்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வெயில் நாளில் வியர்வை நம்மைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான். வெயிலில் உதவும் அந்தச் செயல், மழை நாளில் நம்மை நடுங்க வைக்கிறது.

"உயரமான கட்டடங்கள் நிறைந்த இடத்தில் காற்று இன்னும் பலமாக இருக்கும்," என்று ஆசிரியை மேலும் சொன்னார். "கோபுரக் கட்டடத்தின்மீது மோதும் காற்றில் ஒரு பகுதி சுவரை ஒட்டிக் கீழே இறங்கித் தெருவில் பாயும். தஞ்சோங் பகாரில் கட்டடங்களுக்கு இடையே நடந்தால் உனக்கே தெரியும்."

இரண்டு சட்டைகள், ஒரு மின்விசிறி

அன்று மாலை வீட்டில் மகள் ஒரு சோதனை செய்தாள். அப்பாவின் பருத்திச் சட்டை ஒன்றையும் தன் உடற்கல்விச் சட்டையையும் எடுத்தாள். உடற்கல்விச் சட்டை பாலியெஸ்டர் இழையால் ஆனது. இரண்டையும் சமையலறைத் தராசில் எடைபோட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, இரண்டையும் வாளி நீரில் நன்றாக முக்கி, ஒரே அளவு பிழிந்து, மீண்டும் எடைபோட்டாள். பருத்திச் சட்டையின் எடை மிகவும் கூடியிருந்தது. பாலியெஸ்டர்ச் சட்டையின் எடை அந்த அளவுக்குக் கூடவில்லை.

அடுத்து, இரண்டையும் மின்விசிறிக்கு முன்னால் அருகருகே தொங்கவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது, உடற்கல்விச் சட்டை ஏறக்குறைய உலர்ந்திருந்தது. பருத்திச் சட்டையின் தையல் ஓரங்களை அழுத்தினால் இன்னும் விரலில் ஈரம் ஒட்டியது.

இதற்குக் காரணம் இழைகளின் இயல்புதான். பருத்தி இழை நீரை விரும்பி உறிஞ்சும். உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தித் துணிகூட, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு வரை வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால், பாலியெஸ்டரில் நீர் இழைகளுக்கு இடையில்தான் தங்குகிறது, இழைக்குள் புகுவதில்லை. காற்றுப் பட்டதும் அது விரைவாக வெளியேறிவிடுகிறது.

"அப்படியென்றால் பருத்தி கெட்ட துணியா?" என்று அம்மா கேட்டார். "நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப்போல் சுகமானது உண்டா?"

அம்மா கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெயிலில் மெதுவாக நடப்பவருக்குப் பருத்தி ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், தோலை உறுத்தாது. பாலியெஸ்டரோ விரைவில் வியர்வை நாற்றம் பிடிக்கும்; ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும். எனவே, துணியில் நல்லது, கெட்டது என்பது பொதுவாகச் சொல்லக்கூடியது அன்று. யார், எந்த வானிலையில், என்ன வேலைக்காக அணிகிறார் என்பதைப் பொறுத்தே அதைச் சொல்ல முடியும்.

மழை நுழையாத அங்கிக்குள் ஈரம் எப்படி?

சட்டையின் குறை தெரிந்துவிட்டது. ஆனால், கிழியாத அங்கிக்குள் சட்டை நனைந்தது ஏன்? அதற்கான விடை அப்பாவின் உடம்பிலேயே இருந்தது.

சைக்கிள் ஓட்டும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தைத் தணிக்க உடம்பு வியர்க்கிறது. பிளாஸ்டிக் அங்கி மழையை உள்ளே விடாது. வியர்வை ஆவியை வெளியேயும் விடாது. ஆவி அங்கியின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து சட்டையை நனைக்கிறது. மின்ஸ்கூட்டரில் அப்பா அசையாமல் நின்றுகொண்டுதான் போனார். அதிகம் வியர்க்கவில்லை. அன்று அதே அங்கி போதுமானதாக இருந்தது. சைக்கிளில் இயந்திரம் அவரேதான்.

இந்தச் சிக்கல் புதியதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கிண்டாஷ் 1823ஆம் ஆண்டு, இரண்டு துணிகளுக்கு இடையில் ரப்பர்ப் பூச்சை வைத்து, நீர் புகாத துணியைச் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் துணியால் ஆன மழைச்சட்டை உலகெங்கும் பரவியது. அதிலும் வியர்வை வெளியேற வழி இல்லை. 1888ஆம் ஆண்டு ஜான் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ரப்பரின் தேவை பெருகியது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர், மலாயா முழுவதும் தோட்டங்களாக விரிந்தது. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

"உன் கொள்ளுத் தாத்தாவும் ஜொகூரில் பால்மரம் வெட்டியவர்தான்," என்றார் அப்பா. "மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. அன்றைக்குக் கூலி கிடைக்காது என்று சொல்வாராம்."

மழை நாளில் வேலை போகும் கவலை அந்தக் குடும்பத்துக்குப் புதியதன்று என்பதை மகள் அப்போது அறிந்தாள்.

மெல்பர்னிலிருந்து வந்த அறிவுரை

பெரியப்பா மகன் மெல்பர்னில் படிக்கிறார். அவர் தினமும் சைக்கிளில்தான் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார். மகள் அவரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"இங்கே குளிர்காலக் காலை வேளையில் 6, 7 டிகிரிதான் இருக்கும்," என்றார் அண்ணன். "அதனால் நாங்கள் மூன்று அடுக்காக உடுத்துவோம். தோலை ஒட்டி வியர்வையை இழுக்கும் மெல்லிய சட்டை. அதன்மேல் வெதுவெதுப்பு தரும் கம்பளி. அதற்குமேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி. சூடு கூடினால் நடு அடுக்கைக் கழற்றிவிடலாம். வீட்டில் என்னுடைய பழைய குளிரங்கி ஒன்று இருக்கிறது. சித்தப்பாவைப் போட்டுப் பார்க்கச் சொல்."

கறுப்பு நிறத்தில், உள்ளே மெத்தென்ற புறணியோடு இருந்த அந்த அங்கியை அப்பா மறுநாள் அணிந்து சென்றார். பத்தே நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது. அங்கியைக் கழற்றினால் மழையில் நனைய வேண்டும். கழற்றாவிட்டால் வியர்வையில் நனைய வேண்டும். புறணி ஈரத்தைக் குடித்துக் கனத்தது. மாலையில் அது காயவே இல்லை.

அண்ணனின் அறிவுரை தவறானதன்று. அது மெல்பர்னுக்கு உரிய அறிவுரை. குளிர்நாட்டுச் சைக்கிளோட்டி தன் உடம்புச் சூட்டைச் சேமிக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சைக்கிளோட்டி வியர்வையை வெளியேற்ற வேண்டும்; அதே நேரம், நனைந்த உடம்பில் காற்றுப் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே, மூன்று அடுக்குகளில் நடு அடுக்கு இங்கே தேவையில்லை. விரைவில் உலரும் சட்டை ஒன்று, காற்றோட்டமுள்ள மெல்லிய மழைச்சட்டை ஒன்று என இரண்டு போதும்.

பாட்டி சொன்ன விதி

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து பாட்டி பேசினார். மருமகனின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துவிட்டு, மழையங்கியைப் பற்றிய கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் அளித்தார். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலமாகச் சென்றனர். அந்தக் காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களில் பாட்டியும் ஒருவர்.

"நீங்கள் சேலை கட்டிக்கொண்டா ஓட்டினீர்கள், பாட்டி?"

"பின்னே? அதற்காக வேறு துணி வாங்கவா முடியும்? முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வேன். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுவேன். பெண்கள் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு வலை இருக்கும். சங்கிலிக்கு மூடி இருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் துணி தொங்கக்கூடாது. உன் அப்பாவின் அங்கி தொங்குகிறதா, பார்."

மகள் அந்தப் பிளாஸ்டிக் அங்கியை விரித்துப் பார்த்தாள். அது தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே தொங்கியது. காற்று அடித்தால் பாய்மரம்போல் உப்பிச் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். அதன் ஓரம் சக்கரக் கம்பியிலோ சங்கிலியிலோ சிக்கினால் வண்டி கவிழும். தலைமூடியும் அகலமாக இருந்தது. அதை அணிந்து பக்கவாட்டில் திரும்பினால், தலைதான் திரும்பியது, மூடி திரும்பவில்லை. பின்னால் வரும் வாகனத்துக்குப் பதிலாக மூடியின் உட்புறம்தான் கண்ணில் பட்டது.

அப்பா சொல்லாமல் விட்டது

மகள் இதைச் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னார்.

நீல் சாலையும் தஞ்சோங் பகார் சாலையும் சந்திக்கும் முனையில் பழைய ரிக்‌ஷா நிலையக் கட்டடம் இருக்கிறது. அது 1903ஆம் ஆண்டு கட்டப்பட்டது. மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாக்கள் ஒரு காலத்தில் இந்த நகரின் முக்கியப் போக்குவரத்தாக இருந்தன. வெயிலிலும் மழையிலும் அகன்ற தொப்பி அணிந்து, தங்கள் உடம்பையே இயந்திரமாக்கி உழைத்தவர்கள் நடமாடிய இடம் அது. அந்தச் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு மேல் அப்பா அந்த முனையைக் கடந்துகொண்டிருந்தார்.

"திரும்பிப் பார்த்தேன். மூடி மறைத்துவிட்டது. ஒன்றும் வரவில்லை என்று நினைத்தேன். ஒரு கார் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. ஓர் எட்டு தூரத்தில் நின்றது. அந்த ஓட்டுநர் இறங்கி வந்து, 'மன்னிக்கவும், உங்களை நான் பார்க்கவே இல்லை' என்றார். அவர்மீது தப்பில்லையம்மா. கருநீல அங்கி, மழை இருட்டு. அங்கி பறந்து பின்விளக்கையும் மூடியிருந்தது."

"இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று அம்மா கேட்டார்.

"சொன்னால் போகவேண்டாம் என்பீர்கள்," என்றார் அப்பா.

அதுவரை அப்பாவுக்குக் குளிராமல் இருக்க வேண்டும் என்று மட்டுமே மகள் நினைத்திருந்தாள். ஓர் உடை அணிபவருக்குச் சுகமாக இருந்தால் போதாது. அவர் சுற்றிலும் பார்க்கவும், மற்றவர்கள் அவரைப் பார்க்கவும் இடம் தர வேண்டும் என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

உடையின் நிறத்தைப் பற்றி அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறங்கள் பகலிலும் மழை மூட்டத்திலும் பளிச்சென்று தெரியும். ஆனால், இருட்டில் அவற்றால் அதிகப் பயன் இல்லை. இருட்டில் உதவுவது, வாகன விளக்கொளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டைகள்தாம். அந்தப் பட்டைகளைக் கணுக்காலிலும் முழங்காலிலும் அணிவது நல்லது. மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதும், அது சைக்கிள் மிதிக்கும் மனிதர் என்பதை ஓட்டுநர் விரைவில் புரிந்துகொள்வார்.

சட்டமும் இதை வலியுறுத்துகிறது. இரவு 7 மணிமுதல் காலை 7 மணிவரை சைக்கிளின் முன்பக்கம் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பின்பக்கம் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதிமுதல், சாலையில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவதும் கட்டாயம் ஆனது. ஆடை இவற்றை மறைத்தால், விளக்கு இருந்தும் இல்லாததுபோல்தான்.

கடையில்

"புது மழைச்சட்டை எல்லாம் வீண் செலவு," என்று அப்பா தொடங்கினார். அம்மா ஒரு தாளை எடுத்து, காய்ச்சலால் இழந்த மூன்று நாள் வருமானத்தை எழுதினார். மருந்துச் செலவை அதன்கீழ் எழுதிக் கூட்டினார். அப்பா தாளைப் பார்த்தார். அதற்குமேல் அவர் மறுத்துப் பேசவில்லை.

கடையில் பல விலைகளில் மழைச்சட்டைகள் இருந்தன. நீர்த்துளி புகாத, ஆனால் ஆவி வெளியேறும் நுண்துளைத் துணியால் ஆனவை விலை அதிகம். அத்தகைய துணியும், காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும் நாளில், ஆவியை மெதுவாகத்தான் வெளியேற்றும். ஆகவே, துணியின் பெயரைவிடக் காற்று போய்வரும் வழிகளையே மகள் முதலில் தேடினாள். அக்குளில் திறந்து மூடும் ஜிப்பும், முதுகில் வலைத்துணி வைத்த திறப்பும் இருந்த நடுத்தர விலைச் சட்டை ஒன்று கிடைத்தது.

"கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நிற்காதீர்கள், அப்பா. சைக்கிள் ஓட்டுவதுபோல் குனிந்து கைகளை நீட்டுங்கள்," என்றாள் மகள்.

அப்பா அப்படியே செய்தார். நிற்கும்போது சரியாக இருந்த முதல் சட்டை, குனிந்ததும் முதுகில் மேலேறியது. மணிக்கட்டும் வெளியே தெரிந்தது. அடுத்த சட்டையின் பின்பகுதி நீளமாக இருந்தது. கைகளை நீட்டியும் மணிக்கட்டு மூடியே இருந்தது. மணிக்கட்டில் இறுக்கி ஒட்டும் பட்டையும் இருந்தது. தையல்களின் உட்புறத்தில் நீர் கசியாதபடி நாடா ஒட்டப்பட்டிருந்தது. தலைமூடியைக் கழற்றிவிட முடிந்தது. நிறம் ஒளிரும் மஞ்சள்.

"இந்த வயதில் மஞ்சள் சட்டையா?" என்று அப்பா கூச்சப்பட்டார்.

"உங்களை எல்லாரும் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தானே, அப்பா," என்றாள் மகள்.

உள்ளே அணியும் சட்டைக்குச் செலவே ஆகவில்லை. அலமாரியில் அப்பாவின் பழைய காற்பந்துச் சட்டைகள் நான்கு இருந்தன. அவை அனைத்தும் பாலியெஸ்டர். நனைந்தால் கனக்கும் ஜீன்சுக்குப் பதிலாக முழங்கால்வரையிலான மெல்லிய கால்சட்டையை அவர் தேர்ந்தெடுத்தார். காலின் தோல் நனைந்தாலும் துடைத்தால் உலர்ந்துவிடும். நனைந்த ஜீன்ஸ் நாள் முழுவதும் உலராது. மிதியில் வழுக்கும் ரப்பர்ச் செருப்பை விட்டுவிட்டுப் பின்வார் உள்ள காலணியை அணிந்தார். தலைக்கவசத்துக்குள் சிறிய முன்விளிம்புள்ள மெல்லிய தொப்பியை வைத்துக்கொண்டார். மழைநீர் நேராகக் கண்ணில் விழாமல் அது தடுத்தது.

கடைசியாக அம்மா ஒரு பொருளைச் சேர்த்தார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் உலர்ந்த சட்டை ஒன்றையும் சிறிய துண்டு ஒன்றையும் மடித்து வைத்து அப்பாவிடம் கொடுத்தார். "எந்தச் சட்டை போட்டாலும் கொஞ்சம் நனையத்தான் செய்யும். ஓய்வெடுக்கும்போது இதை மாற்றிக்கொள்ளுங்கள்," என்றார். மிதிப்பதை நிறுத்தியதும் உடம்பில் உண்டாகும் சூடு குறைந்துவிடும். ஈரம் மட்டும் இருக்கும். குளிர் அதிகம் தாக்குவது அந்த நேரத்தில்தான். அம்மா வைத்த உலர்ந்த சட்டை, அவர்கள் சேர்த்த எல்லாவற்றிலும் மலிவானது. நாளடைவில், அதுதான் மிகவும் பயன்பட்டது என்று அப்பா சொன்னார்.

உடையால் முடியாதது

ஏப்ரல் மாதத்தில் பருவக்காற்று மாறியது. பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டியது. ஒரு நாள் மாலை வானம் இருண்டு மின்னல் வெட்டியபோது, மகள் சன்னலோரம் நின்று கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வர வேண்டிய நேரம் கடந்துவிட்டது. அப்போது அம்மாவின் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது.

"கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் நிற்கிறேன். சட்டை மாற்றிவிட்டேன். இடி நின்றபின் வருகிறேன்."

மகள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். முன்பெல்லாம் இத்தகைய நேரத்தில் அப்பா நிற்க மாட்டார். நனைந்த சட்டையோடு ஓரிடத்தில் நின்றால் குளிரும்; அதனால் எப்படியாவது வேகமாக வீடு சேரத்தான் பார்ப்பார். இப்போது உலர்ந்த சட்டையோடு அவரால் பொறுமையாகக் காத்திருக்க முடிந்தது. மின்னலைத் தடுக்கும் சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒதுங்கி நிற்பது ஒன்றே அதற்கு வழி.

இரவு 8 மணிக்குப் பூட்டில் சாவி நுழையும் ஓசை கேட்டது. மகள் எழுந்தாள். அவள் வாசலை அடைவதற்குள் கதவு திறந்துகொண்டது. அப்பா மஞ்சள் மழைச்சட்டையை உதறி, வெளியிலிருந்த கொடியில் மாட்டினார்.

"சாப்பிட என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. "குளிரை வெப்பமானி மட்டும் முடிவுசெய்வதில்லை" என்று ஆசிரியை கூறியதன் பொருளை உன் சொந்த அனுபவத்தோடு விளக்குக.

2. மெல்பர்னிலிருந்து வந்த அறிவுரை அப்பாவுக்கு ஏன் பொருந்தவில்லை? ஓர் இடத்துக்குப் பொருந்தும் அறிவுரை வேறோர் இடத்துக்குப் பொருந்தாமல் போகும் இன்னொரு சூழலைக் கூறுக.

3. அப்பா தமக்கு நேர்ந்த ஆபத்தைக் குடும்பத்தாரிடம் மறைத்தது சரியா? உன் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

4. உன் வீட்டிலோ சுற்றுவட்டாரத்திலோ வெயிலிலும் மழையிலும் வெளியே வேலை செய்பவர் ஒருவரிடம் பேசு. அவர் அணியும் உடை அவருடைய வேலைக்கு எப்படி உதவுகிறது, எங்கே இடைஞ்சலாக இருக்கிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.